கழுத்தளவு

காத்தாயியின் வீட்டைப் பிடுங்கிய நண்டுக்கு எட்டுக் கால். நாலு கால் சேற்றில் ஊன்றிக்கொள்ளும், இரண்டு கால் மரத்தைப் பிடிக்கும், இரண்டு கால் வேரை அறுக்கும். ஆள் உயரம், இரும்பு உடம்பு. குருந்தங்கழி என்ற உப்பங்கழியின் கரையில் முப்பது வருடமாக மண்டிக் கிடந்த சீமைக் கருவேலத்தை ஒழித்துக்கட்ட அரசாங்கம் இறக்கிவிட்ட நாற்பது நண்டுகளில் அது ஒன்று. அதன் வேலையை அது செய்தது. காத்தாயி வீட்டின் நாலு கம்பமும் சீமைக் கருவேலம், கூரை தாங்கும் கொம்பும் அதே மரம், சுற்றியிருந்த படலும் அதே முள். நண்டு முகர்ந்து பார்த்தது, களை என்று முடிவு செய்தது, கம்பங்களை ஒவ்வொன்றாக உருவிப் போட்டது. கூரை சொத்தென்று உட்கார்ந்தது. இரண்டு சட்டி, ஒரு தகரப் பெட்டி, கன்னிமார் படம் எல்லாம் கீற்றுக்கு அடியில் போய்விட்டன.

அவள் கழியிலிருந்து ஈரச் சேலையோடு ஓடி வந்தபோது நண்டு அடுத்த வீட்டை முகர்ந்துகொண்டிருந்தது. கையில் கிடைத்த விறகுக் கட்டையை எடுத்து அதன் முதுகில் நாலு சாத்து சாத்தினாள். அதுவும் சீமைக் கருவேலக் கட்டைதான். நண்டு அதை அவள் கையிலிருந்து பதமாக வாங்கி, அறுத்து, குவியலில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். களையை ஒழித்ததில் காத்தாயிக்கு வருத்தமே கிடையாது. அந்த முள் குத்திய தழும்பு அவள் காலில் மூன்று இருக்கிறது. கழியின் வாயை அடைத்துக்கொண்டு, கீழே ஒரு கோரையைக்கூட முளைக்க விடாமல் நின்ற சனியன் அது. அது போன இடத்தில் நண்டுகள் சுரபுன்னை, வெண்கண்டல், தில்லை என்று அலையாத்தி மரங்களை நட்டன. கடல் தண்ணீர் பழையபடி உள்ளே வந்து போக ஆரம்பித்தது. இறால் கூடியது. வேலை நல்ல வேலை. அந்த நல்ல வேலையில் தன் வீடு எப்படிச் சேர்ந்தது என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

கழியின் நடுவே, கரையோடு ஒரு மண்பாதையால் ஒட்டியிருக்கும் கன்னித்திட்டில் பதினேழு இருளர் வீடுகள். வலை கிடையாது, படகு கிடையாது. வத்தம் வந்து கடல் தண்ணீர் இறங்கும் நேரத்தில் ஆணும் பெண்ணுமாக முப்பத்தெட்டுப் பேர் கழியில் இறங்கி, கழுத்தளவு நீரில் குந்தியபடி வரிசையாக நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலையில் முடைந்த ஒரு பை. அதற்குப் பறி என்று பேர். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். காத்தாயிக்கு முப்பத்தாறு வயது. அதில் முப்பது வருடம் பல்லில் கயிறு.

ஈரச் சேலையோடே நேராகக் கரை ஆபீசுக்குப் போனாள். ஆபீஸ் என்பது ஒரு பழைய கன்டெய்னர் பெட்டி. உள்ளே ஏசி ஓடியது. திட்ட இயக்குநர் தனஞ்செயன் தலையை நிமிர்த்தாமலே, "யாரும்மா நீ, எங்கேருந்து வர்ற?" என்றார்.

"திட்டுலேருந்து சார். ஒங்க நண்டு எங்க ஊட்டப் புடுங்கிடுச்சு."

"திட்டுல யாரும் குடியில்லையே."

"பதினேழு ஊடு இருக்கு சார்."

"ஊடு இருக்கு. ஆள் இல்ல. கணக்கு அப்படித்தான் சொல்லுது." திரையை அவள் பக்கம் திருப்பினார். மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். மனித நடமாட்டம்: இல்லை. கைவிடப்பட்ட குடிசைகள்: 17.

"அப்ப நான் யாரு சார்?"

"நீ இருக்கறது எனக்குத் தெரியுதும்மா. அதுக்குத் தெரியணும்ல." அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இவ்வளவு பொறுமையாக விளக்கியிருக்க மாட்டார். "முன்னெல்லாம் ஆபீசருங்க ஏரிய மனைன்னு எழுதுவாங்க, மனைய ஏரின்னு எழுதுவாங்க. காசு குடுத்தா காடு கூடும், குறையும். அதுக்குத்தான் கைபடாக் கணக்குச் சட்டம் வந்துச்சு. தட்டான்னு ஒரு ட்ரோன் பறந்து பாக்கும், அதுவே எண்ணும், அதுவே எழுதும். நான் மாத்த முடியாது, கலெக்டர் மாத்த முடியாது, கோர்ட்டே அதத்தான் நம்பும். மெசினே பாத்து மாத்திக்கிட்டாத்தான் உண்டு. ஆடி மாசம் மூணு நாள் தட்டான் பறந்துச்சே, அப்ப எங்க போனீங்க எல்லாரும்?"

பதில் காத்தாயிக்குத் தெரியும்.

ஒளிந்துகொண்டார்கள். வேறென்ன. மோட்டார் சத்தம் கேட்டால் கழிக்குள் இறங்கிக் கழுத்தளவு நீரில் அசையாமல் இருந்துவிட வேண்டும் என்பது கன்னித்திட்டில் நடை பழகும்போதே பழக்கிவிடும் பாடம். காத்தாயியின் தாத்தா காலத்தில் மோட்டார் சத்தம் என்றால் அரிசி ஆலைக்காரன். முன்பணம் என்று ஒன்றை நீட்டி, குடும்பத்தையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஆலைக்குள் வைத்துப் பூட்டுவான். அப்பா காலத்தில் மோட்டார் சத்தம் என்றால் ஜீப்பு. எந்த ஊரில் எது திருடு போனாலும் ஜீப்பு திட்டுக்குத்தான் வரும். ஆடி மாதம் தலைக்கு மேலே தட்டான்கள் ரீங்காரம் போட்டபோது யாரும் யாருக்கும் சொல்லவில்லை. முப்பத்தெட்டுப் பேரும் கழிக்குள் இறங்கிவிட்டார்கள். கைக்குழந்தைகளும் முடியாதவர்களும் சீமைக் கருவேலப் புதருக்குள் போய்விட்டார்கள். மூன்று நாளும் பகலெல்லாம் தண்ணீரில். சும்மா இருப்பானேன் என்று இறாலும் தடவிக்கொண்டார்கள். நான்காம் நாள் தட்டான்கள் போனதும் தப்பித்தோம் என்று சந்தோஷமாகக் கரையேறினார்கள்.

தப்பித்த லட்சணம் இதுதான்.

புரட்டாசி முடிவதற்குள் பதினேழு வீட்டையும் நண்டுகள் பிரித்துப்போட்டன. திட்டில் பாலிதீன் பாயைக் கட்டிக்கொண்டு, தட்டான் சத்தம் கேட்டால் பழையபடி கழிக்குள் இறங்கிக்கொண்டு இருந்தார்கள். பாலிதீன் களை இல்லை என்பதால் நண்டு அதைத் தொடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மேகலா வந்தாள். திட்டத்தில் செடி கொடிகளைப் பார்த்துக்கொள்ளும் விஞ்ஞானி. முப்பது வயது இருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். திட்டில் இருப்பவர்களை வாங்க போங்க என்று பேசிய முதல் அரசாங்க ஆள் அவள்தான் என்பதால் காத்தாயியின் நாத்தனார் தெய்வானை அவளைச் சந்தேகமாகவே பார்த்தாள்.

"அக்கா, ஒரு உதவி வேணும்" என்றாள் மேகலா. "நண்டு வரிசையா நட்ட கன்னுல பத்துக்கு ஒம்பது செத்துப்போவுது. ஆனா கழிக்குள்ள சில தடத்துல மட்டும் சுரபுன்னை தானா முளைச்சு நல்லா வருது. ஏன்னு பாத்தோம். அந்தத் தடத்துல ஒரு விலங்கு போவுது. புதுசு. எந்தப் புத்தகத்துலயும் இல்ல."

"என்னா வெலங்கு?"

"நீர்நாய் ஜாதின்னு நெனைக்கிறோம். ஆனா பெரிசு. கூட்டமா இருக்கும். வத்தத்துக்குத்தான் வரும். முன்னங்காலால சேத்தத் தடவித் தடவித் தின்னும். மிதக்குற விதைய எடுத்து அது சேத்துல ஊனுது அக்கா. இந்த விலங்காலதான் கழிக்கு உலக அளவுல பாதுகாப்பே கெடச்சிருக்கு. அது இல்லன்னா எதிர்க்கரையில துறைமுகம் கேக்கறவங்க இந்நேரம் கழிய மூடியிருப்பாங்க. நீங்க பாத்திருக்கீங்களா?"

கையகலத் திரையில் படத்தைக் காட்டினாள். தட்டான் மேலேயிருந்து எடுத்த வெப்பப் படம். கறுப்புத் தண்ணீரில் வெளுப்பாக முப்பத்தெட்டு உருண்டைத் தலைகள், வளைந்த வரிசையில். மூன்றாவது தலையின் வாயிலிருந்து ஏதோ தொங்கியது. ஐந்தாவது, பக்கவாட்டில் திரும்பியிருந்தது.

காத்தாயி படத்தை வெகுநேரம் பார்த்தாள். வரிசை அவளுக்குத் தெரிந்த வரிசை. மூன்றாவதாக எப்போதும் தெய்வானைதான் போவாள். வாயில் தொங்குவது பறி. ஐந்தாவது திரும்பியிருக்கிறதே, அது பின்னால் வருகிறவர்களைத் திட்டத் திரும்பும் காத்தாயி.

"தெய்வான, இங்க வா" என்று கூப்பிட்டாள். "ஒன் போட்டோ வந்திருக்கு பாரு."

தெய்வானை பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

மேகலாவுக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. "விதைய ஊனுறது?" என்றாள், கேட்க வேண்டுமே என்று.

"குச்சி மாரி மெதந்து வரும் மேடம். தூக்கிப் போட்டா பின்னால வர்றவ கழுத்துல குத்தும். அதனால கையில பட்டா அங்கியே ஊனிட்டுப் போவோம். அவ்ளதான்" என்றாள் காத்தாயி. "மனுசனுக்கும் நாய்க்கும் வித்தியாசம் தெரியலியா ஒங்க மெசினுக்கு?"

"நிக்கிற ஆளு, நடக்கிற ஆளு, வண்டியில போற ஆளு, இதையெல்லாம் காட்டித்தான் மனுசன்னு சொல்லிக்குடுத்தோம் அக்கா. கழுத்தளவு தண்ணியில நாளெல்லாம் குந்தி இருக்கிற மனுசங்கள..." மேகலா நிறுத்தினாள். "அப்படி இருப்பாங்கன்னு நாங்க யாரும் நெனைக்கல."

"நான் எழுந்து நின்னா அது என்னா சொல்லும்?"

"மனுசன்னு சொல்லும். இருக்கக் கூடாத எடத்துல இருக்கிற மனுசன்னு. அவசரப்படாதீங்க அக்கா. நான் மேல பேசறேன்."

மேலே பேசுகிறேன் என்று சொன்னவர்கள் எல்லாரையும் காத்தாயிக்குத் தெரியும். சாதிச் சான்றிதழ் கேட்டு அவள் அப்பா தாலுகா ஆபீசுக்குப் பதினோரு வருடம் நடந்தார். நீ இருளன் என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஒருவன் அவரை எல்லார் முன்னாலும் எலி பிடித்துக் காட்டச் சொன்னான். அவர் பிடித்துக் காட்டினார். சிரித்துவிட்டு, மேலே பேசுகிறேன் என்றான். அப்பா செத்து ஒன்பது வருடம் ஆகிறது. சான்றிதழ் வரவில்லை.

அதனால் அவள் பொறுக்கவில்லை. மறுநாள் வத்தத்தில், வரிசை நடுக்கழியில் இருக்கும்போது, தட்டான் தலைக்கு மேலே வரட்டும் என்று காத்திருந்து எழுந்து நின்றாள். தண்ணீர் இடுப்பளவுதான். தட்டான் அவளைச் சுற்றி இரண்டு வட்டம் அடித்தது. கரையிலிருந்த நண்டு வாய் திறந்து, "நீங்கள் பாதுகாக்கப்பட்ட பகுதியில் இருக்கிறீர்கள். வெளியேறவும்" என்று பதிவு செய்த பெண் குரலில் சொன்னது. அவ்வளவுதான். சாயங்காலம் கணக்கு வந்தது. விலங்குகள் 38, அதில் ஒன்று முங்கியது. அத்துமீறிய ஆள் 1. விலங்கைத் தொந்தரவு செய்ததாகக் குற்றம்.

அதற்கடுத்த நாள் காலையில் லாரி வந்தது. அரிய விலங்கு வாழும் இடத்தில் மனிதர் நுழைந்தது தெரிந்துவிட்டதால், திட்டையும் கழியையும் ஆளில்லாப் பகுதியாக அறிவித்து உத்தரவு. போலீஸ்காரர்கள் பாலிதீன் பாய்களைச் சுருட்டினார்கள். லாரி ஏறும்போது தெய்வானை எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

"ஒருத்தி எழுந்து நின்னா, ஒட்டுமொத்தமா எழுந்து போறோம். இனிமே நீ குந்தச் சொன்னாலும் நான் குந்த மாட்டன், நிக்கச் சொன்னாலும் நிக்க மாட்டன்."

மேகலா மூச்சிரைக்க ஓடி வந்து லாரியின் பக்கத்தில் நின்றாள். இரண்டு நாளில் அவள் பேசிய மேல் எல்லாம் அவளையே வேறு ஊருக்கு மாற்றிவிட்டது. கிசுகிசுவென்று சொன்னாள்.

"ஒருத்தர் எழுந்தா, விலங்கு முங்கிடுச்சு, ஆள் புதுசா வந்துட்டாருன்னுதான் எழுதிக்கும் அக்கா. எல்லாரும் ஒரே நேரத்துல எழுந்தா அதுக்கு வேற வழியில்ல. பழைய கணக்கத் திருப்பிப் பாத்தே ஆவணும்."

"இத மொதல்ல சொல்லியிருக்கலாம்ல மேடம்?" என்றாள் காத்தாயி. லாரி கிளம்பிவிட்டது.

நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஆறு மாடிக் குடியிருப்பில் ஆறாவது மாடி. கழியும் இல்லை, கடலும் இல்லை, தண்ணீரே லாரியில்தான் வந்தது. எல்லாருக்கும் கதவு போட்ட வீடு கொடுத்தார்கள் என்று பத்திரிகையில் படம் வந்தது. உண்மைதான். கதவைத் திறந்தால் போவதற்கு ஓர் இடம் இல்லை என்பது படத்தில் வரவில்லை. ஆண்கள் செங்கல் சூளைக்குப் போனார்கள். நாலு மாதம் தெய்வானை காத்தாயியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு.

மாசி மாதம் தனஞ்செயன் வந்தார். ஆறு மாடி ஏறிய மூச்சு அடங்கும் வரை படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"கழி கெட்டுப்போவுதும்மா" என்றார். காத்தாயியை முதல் முறையாக நேரே பார்த்துப் பேசினார். "விலங்கக் காணோம்னு கணக்கு சொல்லுது. முளைச்ச கன்னெல்லாம் சேறு மூடிச் சாவுது. சீமைக் கருவேலம் திரும்பி எட்டிப் பாக்குது. அடுத்த மாசம் அமைச்சர் வர்றார். வெளிநாட்டுலேருந்து ஆளுங்க வர்றாங்க. பெரிய திரை வெச்சு அப்படியே நேரா காட்டணும்."

"எத?"

அவர் சுற்றிலும் பார்த்துக்கொண்டார். "நீங்க வழக்கமா செய்யற மாதிரி வந்து தடவிட்டுப் போனாப் போதும். தினமும் பஸ் வரும். இறால நீங்களே எடுத்துக்கலாம், கூலி தனி. ஆனா எழுந்து நிக்கக் கூடாது. பேசக் கூடாது. கழுத்துக்கு மேல தெரியக் கூடாது. மண்ணு கலர்ல துணி குடுப்போம், அதத்தான் கட்டணும்."

"மீசயும் குடுப்பீங்களா சார்?" என்று கேட்டாள் தெய்வானை.

அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. காத்தாயி அவரையே பார்த்தாள். இந்த மனிதருக்குத் தெரியும். முதல் நாள் தெரியாமல் இருந்திருக்கலாம். இப்போது தெரியும். அவருக்கு மேலே இருப்பவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, இவர்களை ஆளாகக் கணக்கில் சேர்ப்பதைவிட நாயாகக் கணக்கில் வைத்திருப்பது சுலபம் என்று பஸ் ஏற்பாடு செய்கிறார்கள்.

"வர்றோம் சார்" என்றாள்.

அவர் போன பிறகு தெய்வானை அவளைக் கொன்றுவிடுவது போலப் பார்த்தாள். "என்னாடி வர்றோம்?"

"வத்தம் பெருக்கு நேரமெல்லாம் கணக்கு பண்ணிப் பாரு" என்றாள் காத்தாயி. "அன்னிக்கு அவங்க திரை வெக்கிறாங்க. ஊரே பாக்கும். நான் நிக்கச் சொல்லல. நான் நிப்பன். அவ்ளதான் சொல்றன்."

தெய்வானை உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மறுநாளிலிருந்து பஸ் வந்து, தட்டான் பறக்காத வளைவில் இறக்கிவிட்டது. பழையபடி வத்தத்தில் இறங்கித் தடவினார்கள். ஒரே வாரத்தில் 'விலங்கு திரும்பியது' என்று செய்தி வந்தது.

பங்குனி மாதம், விழா. கழிக்கரையில் பந்தல். நுழைவாயிலில் ஒரு சிமெண்டுச் சிலை, 'குருந்தங்கழி நீர்நாய்' என்று கீழே எழுதி. கருப்பு பெயின்ட், வட்டக் கண், நீளமான மீசை. தனஞ்செயன் கொடுத்த மண் நிறத் துணியைக் கட்டிக்கொண்டு, பந்தலிலிருந்து தெரியாதபடி வளைவுக்குப் பின்னால் முப்பத்தெட்டுப் பேர் தண்ணீரில் இறங்கினார்கள். பிற்பகல் மூன்று மணி. வத்தத்தின் கடைசி. இன்னும் சற்று நேரத்தில் பெருக்கு வந்து கடல் தண்ணீர் ஏறத் தொடங்கும்.

வரிசை வளைவைத் தாண்டியதும் பந்தலில் கைதட்டல் எழுந்தது. பெரிய திரையில் முப்பத்தெட்டு வெள்ளைத் தலைகள். பக்கத்தில் பச்சை எழுத்தில், பாதுகாக்கப்படும் விலங்கு: 38. மைக்கில் யாரோ உருகி உருகிப் பேசினார்கள். மனிதன் ஒதுங்கிக்கொண்டால் இயற்கை தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்பதற்கு இதோ சாட்சி என்றார்கள். காத்தாயியின் கையில் ஒரு விதைக்குச்சி தட்டுப்பட்டது. பழக்கத்தில் ஊன்றினாள். பிறகு பல்லிலிருந்து கயிற்றை எடுத்தாள். எழுந்து நின்றாள்.

யாரும் எழவில்லை. தண்ணீர் அவள் தோளிலிருந்து சொட்டியது. திரையில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. விலங்கு 38, ஒன்று முங்கியது. அத்துமீறல் 1. கரை நண்டு வாய் திறந்து வெளியேறவும் என்றது. பந்தலில் சலசலப்பு. காத்தாயி திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் கெஞ்சுவது போல ஆகிவிடும். இன்று முழுக்க ஒற்றையாகவே நிற்க வேண்டியிருந்தாலும் நிற்பது என்று முடிவு செய்துகொண்டாள்.

பக்கத்தில் தூ என்று ஒரு சத்தம் கேட்டது. தெய்வானை பறிக் கயிற்றைத் துப்பினாள்.

"நிக்கச் சொன்னா நிக்க மாட்டன்னு சொன்னன்" என்றாள், எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "நீதான் சொல்லலியே."

அப்புறம் ஒருவர் பின் ஒருவராக இல்லை, எல்லாருமாக எழுந்தார்கள். திரையில் பச்சை எண் முப்பத்தாறு, இருபது, ஏழு என்று சரிந்து பூஜ்யத்தில் நின்றது. சிவப்பு எண் ஏறி முப்பத்தெட்டில் நின்றது. அதே இடம், அதே வரிசை, அதே உடம்புகள். பந்தலில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

அமைச்சர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து சொன்னார். மைக் திறந்தே இருந்தது. கழி முழுக்கக் கேட்டது.

"உக்காரச் சொல்லுய்யா அவங்கள."

"பேசாம இருங்க சார்" என்றது தனஞ்செயனின் குரல். "பெருக்கு ஏறுது. கொஞ்ச நேரந்தான். தண்ணி கழுத்துக்கு வந்துட்டா தானா சரியாப் பூடும்."

காத்தாயி அதைக் கேட்டாள். முப்பத்தெட்டுப் பேரும் கேட்டார்கள். கடல் தண்ணீர் ஏற்கனவே இடுப்புக்கு மேலே நாலு விரல் வந்திருந்தது. இங்கேயே நின்றால் இவர்கள் காத்திருந்தே ஜெயித்துவிடுவார்கள். அவள் கரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். வரிசை அவளோடு திரும்பியது. இடுப்பு, தொடை, முழங்கால் என்று உடம்புகள் தண்ணீரிலிருந்து வெளியே வந்தன. நண்டு வழியை மறித்து, "நீங்கள் பாதுகாக்கப்பட்ட பகுதியில் இருக்கிறீர்கள்" என்றது.

"யாரப் பாதுகாத்தன்னு கேளுடி அத" என்றாள் தெய்வானை.

நண்டு நின்றுவிட்டது. தலைக்கு மேலே தட்டான்களும் ஒரே இடத்தில் நின்றன. திரையில் எண்கள் அழிந்து, எட்டு மாதத்துப் படங்கள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி ஓடின. மாசி, ஐப்பசி, புரட்டாசி, ஆடி. கடைசியில் எழுத்துகள் வந்தன.

முதல் பதிவு திருத்தப்பட்டது. விலங்கு: இல்லை. மனித நடமாட்டம்: உண்டு, 38 பேர். குடிசைகள் 17, கைவிடப்பட்டவை அல்ல. கழியில் கன்றுகள் பிழைக்க இவர்களின் நடமாட்டம் அவசியம்.

தனஞ்செயன் ஓடிப்போய்த் திரையின் ஒயரைப் பிடுங்கினார். கூட்டத்தின் கடைசியில், மாற்றலான ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து நின்ற மேகலா, அழுதபடியே உரக்கச் சொன்னாள்.

"ஒயர் போனா போவட்டும் அக்கா. பதிவு ஏறிடுச்சு. இனிமே யாரு கையும் பட முடியாது."

தப்பை ஒத்துக்கொள்ள அந்தக் கூட்டத்தில் மெசினுக்கு மட்டும்தான் வெட்கம் இருக்கவில்லை. மறித்து நின்ற நண்டு ஒதுங்கி வழிவிட்டது, காத்தாயி மேடைக்கு எதிரே வந்து நின்றாள். யாரோ அவசரமாக மைக்கை நீட்டினார்கள், ஏதாவது நன்றி சொல்லித் தொலைப்பாள் என்று நினைத்திருக்கலாம். அவள் அதை வாங்கவில்லை. அவள் குரலுக்கு மைக் தேவையில்லை.

"எங்கப்பாவ எலி புடிக்கச் சொன்னீங்க. புடிச்சாரு. எங்கள நாயா இருக்கச் சொன்னீங்க. இருந்தம். அந்த இரும்பு, நாங்க மனுசங்கன்னு எட்டு மாசத்துல கண்டுபுடிச்சிடுச்சு. ஒங்களுக்கு இன்னும் எவ்ள நாள் ஆவும் சார்?"

அமைச்சர் தனஞ்செயனைப் பார்த்தார். தனஞ்செயன் கையில் ஒயரைப் பிடித்தபடி கழியைப் பார்த்தார். பெருக்கு நல்லபடியாக ஏறிக்கொண்டிருந்தது. அதில் யாரும் இல்லை.

பந்தலுக்குப் பின்புறமிருந்து திட்டுக்குப் போகும் மண்பாதையில் காத்தாயி நடந்தாள். போலீஸ்காரர் ஒருவர் கையை நீட்டி மறிக்கப் பார்த்து, நண்டே வழிவிட்டதைக் கண்டு கையை இறக்கிக்கொண்டார். அவள் வீடு இருந்த இடத்தில் நாலு கம்பக் குழியும் அப்படியே இருந்தன. நண்டு நட்டிருந்த சுரபுன்னைக் கன்றுகள் காய்ந்து குச்சியாக நின்றன. ஓரத்தில் ஒன்று மட்டும் இரண்டு இலை விட்டிருந்தது. அதை மிதிக்காமல் சுற்றிப் போனாள்.

உட்காரச் சொன்னார்கள் அல்லவா. நாலு குழிக்கும் நடுவே, தன் வீட்டுக்குள், உட்கார்ந்தாள்.